பிள்ளைக்கு ஒரு மூலை விடுங்கள்

"அம்மா, போர் அடிக்குதும்மா!"

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் குரல் கேட்காத விடுமுறை நாள் கிடையாது. மே மாதம் என்றால் காலை பத்து மணிக்கே ஆரம்பித்துவிடும். வெளியே வெயில் கொளுத்துகிறது. கீழே இறங்கினால் பார்க்கிங் முழுக்க கார்கள், தெருவுக்குப் போனால் கண்மண் தெரியாமல் பறக்கும் பைக்குகள். அப்பா ஆபீஸில், அம்மா லேப்டாப் முன்னாலோ அடுப்படியிலோ. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பாட்டியும் எத்தனை நேரம்தான் கதை சொல்வார்? கடைசியில் போனை எடுத்துக் கையில் கொடுக்கிறோம். வீடு சட்டென்று அமைதியாகிறது. அந்த அமைதி தேவைப்பட்டுத்தான் கொடுத்தோம் என்பது நமக்கே தெரியும். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற எந்த அம்மாவையும் இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே, போன் இல்லாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றிப்போய் விளையாடத் தெரியும். அந்தத் திறமை இந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் செத்துப்போய்விடவில்லை. அதற்குத் தேவைப்படுவது கொஞ்சம் இடம், கொஞ்சம் சாமான், நடுவில் யாரும் கூப்பிடாத நேரம், தொடங்கி வைத்துவிட்டு விலகிக்கொள்ளத் தெரிந்த ஒரு பெரியவர். பல வீடுகளில் நிறைய பொம்மை இருக்கிறது, துண்டு துண்டாக நேரம் இருக்கிறது, விலகத் தெரியாத பெரியவர்களும் இருக்கிறார்கள்.

காவல்காரன் அசைய மாட்டான்

ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை, சுமாராக ஆறிலிருந்து ஒன்பது வயது, தனி ரகமான பருவம். மூன்று வயதுக் குழந்தைக்குச் சொப்பும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும். பன்னிரண்டு வயதில் சிநேகிதர்கள் வந்துவிடுவார்கள். இடையில் இருக்கிறவர்கள் இன்னும் டீச்சராகவும் டாக்டராகவும் பஸ் கண்டக்டராகவும் மாறி விளையாடுகிறார்கள். கூடவே, சட்டதிட்டம் உள்ள ஆட்டத்தின் மீதும் ஆசை வருகிறது. சேர்த்துவைக்கும் பித்தும் இந்த வயதில்தான். பாட்டில் மூடி, ஸ்டிக்கர், கூழாங்கல் என்று பள்ளிப் பையின் அடியில் ஒரு சுரங்கமே இருக்கும். ஜெயிக்க வேண்டும் என்ற வெறி, தோற்றால் வரும் அழுகை எல்லாமும் இப்போதுதான்.

சோவியத் ரஷ்யாவில் மானுயிலென்கோ என்ற உளவியலாளர் நடத்திய ஒரு சோதனை 1948-ல் வெளியானது. சின்னப் பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். 'நீ காவல்காரன், இந்த இடத்தைக் காவல் காக்கிறாய்' என்று விளையாட்டாகச் சொல்லி நிறுத்தியபோது அதைவிட வெகுநேரம் அசையாமல் நின்றார்கள். அதே நாட்டு உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-லேயே ஓர் உரையில் இதைச் சொல்லியிருந்தார்: விளையாடும்போது குழந்தை தன் வயதைவிடப் பெரிய பிள்ளையாக நடந்துகொள்கிறது. தன்னை அடக்கிக்கொள்வதை அது கற்றுக்கொள்வது அதட்டலிலிருந்து அல்ல, ஏற்றுக்கொண்ட வேஷத்திலிருந்து.

'ஹோம்வொர்க் எழுத பத்து நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான், இவனுக்குக் கவனமே இல்லை' என்று சொல்லும் பெற்றோர், அதே பிள்ளை கடை வைத்து விளையாடுவதை ஓரமாக நின்று பார்க்க வேண்டும். கவனம் எங்கே போயிற்று என்று அப்போது தெரியும்.

கடை திறந்திருக்கிறது

உறவுக்கார வீடொன்றில் நான் பார்த்த கடையைச் சொல்கிறேன். கடைக்காரி மூன்றாம் வகுப்பு. வாடிக்கையாளன் யூகேஜி படிக்கும் தம்பி. துணிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பழைய துப்பட்டாவை விரித்ததுதான் கல்லா. துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு பக்கமும் சணலில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டித் தராசு. துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, உடைந்த கிரேயான் எல்லாம் பாட்டில் மூடிகளில் வரிசையாக. கிரேயான் துண்டு மிட்டாயாம்.

பணம்தான் என்னை அசத்தியது. தினமும் கிழிக்கிற நாள்காட்டித் தாள்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். எந்தத் தேதியோ அதுதான் அந்த நோட்டின் மதிப்பு. மூன்றாம் தேதித் தாள் என்றால் 3 ரூபாய், இருபத்தேழு என்றால் 27 ரூபாய். ராகு காலமும் எமகண்டமும் அச்சடித்த பணம். தம்பிக்குக் கணக்கு தெரியாது, ஆனால் மாதக் கடைசித் தாளுக்குத்தான் நிறைய மிட்டாய் கிடைக்கிறது என்பது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. சின்னத் தேதிகளையெல்லாம் அக்கா தலையில் கட்டிவிட்டுப் பெரிய தேதிகளை மடியில் பதுக்க ஆரம்பித்தான். அக்கா விடுவாளா? 31 வைத்திருப்பவர்களுக்குச் சில்லறை கிடையாது என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். அவன் போய் பாட்டியிடம் 31-ஐக் கொடுத்து 30-ம் 1-ம் வாங்கி வந்தான். முக்கால் மணி நேரம் ஓடியது. ஒருவரும் போனைத் தேடவில்லை.

பிறகு அவர்கள் அப்பா வந்தார். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் உயிர். பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, 27 ரூபாய் கொடுத்து 18 ரூபாய்க்கு வாங்கினா மீதி எவ்வளவு? டக்குனு சொல்லு" என்றார். அவள் சொன்னாள். அடுத்த கணக்கு. அதையும் சொன்னாள். மூன்றாவது கணக்கில் தம்பி எழுந்து போய்விட்டான். ஐந்து நிமிடத்தில் கடை மூடியாயிற்று. கல்லா மறுபடியும் துணிக்கூடை ஆகிவிட்டது. அவர் கேட்ட கணக்கைவிடக் கடினமான கணக்குகளை அந்தப் பெண் அதுவரை தானாகவே போட்டுக்கொண்டிருந்தாள்.

எப்போது நாம் விளையாட்டைப் பாடமாக்குகிறோமோ அப்போது பிள்ளை வேலையைச் செய்துமுடித்து எழுந்துவிடுகிறது. பரிசு கொடுத்தாலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் வகுப்பறைகளில் பேசப்படுகிறது. வண்ணப் பேனாவால் வரைவதில் தாமாகவே ஆசையாக இருந்த நர்சரிப் பிள்ளைகளில் ஒரு பிரிவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தார்கள். சில நாள் கழித்து அதே பேனாக்களைப் பொதுவில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அவற்றைத் தொட்டார்கள். 'அரை மணி நேரம் சமர்த்தா விளையாடு, ஐஸ்க்ரீம் வாங்கித் தரேன்' என்று சொல்லும்போது விளையாட்டுக்கே கூலி நிர்ணயித்து விடுகிறோம்.

அப்படியானால் பெரியவர்கள் என்னதான் செய்வது? வாடிக்கையாளராகப் போங்கள். அரைக் கிலோ பருப்பு கேளுங்கள். பையைத் தடவிப் பார்த்து, "அடடா, காசு கொண்டுவரலையே, நாளைக்குத் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை. இனி கடைக்காரிக்குக் கடன் நோட்டு வேண்டும். நோட்டுக்குக் கோடு போட வேண்டும், யார் யார் எவ்வளவு பாக்கி என்று எழுத வேண்டும், வசூலுக்கு வர வேண்டும். நீங்கள் போட்டுவிட்டு வந்தது ஒரு சின்னச் சிக்கல்தான். அதிலிருந்து அரை மணி நேர ஆட்டம் கிளம்பும். ஆஸ்பத்திரி விளையாட்டு என்றால் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் 'இதுக்கும் ஊசி போடுவீங்களா டாக்டர்?' என்று கேட்கலாம். பஸ் விளையாட்டு என்றால் வழியில் டயர் பஞ்சராகலாம். ஆட்டம் தொய்யும்போது ஒரு சிக்கலைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். விடையைச் சொல்லக்கூடாது, திருத்தக்கூடாது. வீடியோ எடுக்கவும் கூடாது. கேமராவைப் பார்த்ததும் பெரும்பாலான பிள்ளைகள் விளையாடுவதை நிறுத்திவிட்டு நடிக்கத் தொடங்கிவிடும்.

எதற்கும் ஆகிற சாமான்

விலை உயர்ந்த பொம்மை இரண்டு நாளில் கட்டிலடிக்குப் போய்விட, அது வந்த அட்டைப்பெட்டி ஒரு வாரம் ஓடுவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். பட்டனை அழுத்தினால் பாடுகிற பொம்மைக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். அட்டைப்பெட்டி பஸ், வீடு, கப்பல், தொட்டில், சிறைச்சாலை என்று பிள்ளை சொன்னபடி கேட்கும். சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் 1971-லேயே இதை ஒரு கொள்கையாக எழுதினார். நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற உதிரிச் சாமான்கள் எந்த அளவுக்கு இருக்கின்றனவோ, அந்த அளவுக்குப் புதிதாக ஒன்றை உண்டாக்கும் வாய்ப்பும் இருக்கும் என்பது அவர் வாதம்.

நம் வீடுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. பெரிய அட்டைப்பெட்டி, பழைய வேட்டி, துப்பட்டா, துணி கிளிப், சணல், ஐஸ் குச்சி, காலி டப்பா, சிரட்டை, காலாவதியான கல்யாணப் பத்திரிகை, சாக்பீஸ், செல்லோ டேப், முனை மழுங்கிய கத்தரிக்கோல். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, பிள்ளை தானே எடுக்கும் உயரத்தில் வையுங்கள். பரணில் இருக்கிற சாமானுக்கு ஒவ்வொரு தடவையும் உங்களைத்தான் கூப்பிட வேண்டும், அதோடு ஆட்டமும் அறுந்துபோகும். வேட்டியும் நான்கு துணி கிளிப்பும் இரண்டு நாற்காலியும் கிடைத்தால் எந்தப் பிள்ளையும் கூடாரம் போட்டுவிடும். கூடாரத்துக்குள் ஒரு டார்ச் லைட் கொடுத்துப் பாருங்கள், சாப்பாட்டுக்குக்கூட வெளியே வர மாட்டார்கள்.

பொம்மைகளைக் குறைத்துப் பரப்புவதும் பலன் தருகிறது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோது இருந்ததைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். அது ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்தது. ஆனாலும் பெரிய பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் முக்கால்வாசியை மூட்டை கட்டி வைத்து மாதம் ஒரு முறை மாற்றி எடுங்கள். பழைய பொம்மை புதுசாகத் திரும்பி வரும்.

உதிரிச் சாமான் என்றதும் அரவிந்த் குப்தாவைச் சொல்லாமல் விட முடியாது. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தோடு அந்தப் பத்தாண்டின் இறுதியில் சேர்ந்துகொண்டார். கிராமத்துப் பிள்ளைகளுக்காகக் குப்பையிலிருந்து பொம்மை செய்வதே பிறகு அவர் வாழ்க்கையாயிற்று. 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய தீக்குச்சி விளையாட்டு ஒன்று போதும், ஒரு மழைநாள் முழுக்க ஓடும். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வ் டியூபை விரல் நகத்தின் நீளத்துக்குத் துண்டு போட வேண்டும். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, டியூபின் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் முழங்கை போல மடங்குகிற மூட்டு கிடைக்கும். மூன்று குச்சி, மூன்று மூட்டு சேர்ந்தால் முக்கோணம். அதை விரலால் அழுத்தினால் அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்து படுத்துவிடும். மின்சாரக் கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் ஏன் முக்கோணமாகவே இருக்கிறது என்பதை எட்டு வயதுப் பிள்ளை தன் விரலாலேயே கண்டுகொள்ளும். நாம் விளக்கி அதைக் கெடுத்துவிடக்கூடாது. இந்தச் செய்முறைகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெற்றோர் பார்த்துத் தெரிந்துகொண்டு போனை வைத்துவிட்டுச் செய்ய உட்காரலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தவழும் குழந்தையும் இருக்கிற வீட்டில் கோலி, மணி, புளியங்கொட்டை எதையும் தரையில் விட்டுவைக்காதீர்கள். பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரி இன்னும் ஆபத்து. விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

புளியங்கொட்டைக்கு வேலை வருகிறது

உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களில் நம்மிடம் இருக்கிற சொத்துக்குக் குறைவே இல்லை. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. அங்கே அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அந்தக் கண்ணாடிப் பேழை முன்னால் கொஞ்ச நேரம் நிற்க விட வேண்டும். அத்தனை பழைய ஊரிலும் யாரோ சில்லு தேய்த்து ஆடியிருக்கிறார்கள்.

இந்த வயதுக்கு என் முதல் ஓட்டு பல்லாங்குழிக்குத்தான். பலகை இல்லை என்று கவலைப்பட வேண்டாம். முட்டை அட்டையை வெட்டினால் குழி தயார். அதில் ஐந்துக்கு ஆறாகத்தான் குழிகள் இருக்கும், ஒரு வரிசையில் ஏழு கிடைக்காது. பக்கத்துக்கு ஆறாக 12 குழி வைத்து ஆடினாலும் ஆட்டம் குறையாது. ஏழுதான் வேண்டும் என்றால் மொசைக் தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். குழிக்கு 5 காய், மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கு அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. விழுந்து விழுந்து நான்கு காய் சேர்ந்துவிட்ட குழி 'பசு', அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் சட்டம் கொஞ்சம் மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற சட்டமே உங்கள் வீட்டுச் சட்டம்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதலில் எண்ணி எண்ணிப் போடும். பத்து ஆட்டம் போனதும் குழியைப் பார்த்தவுடனே நாலா ஐந்தா என்று சொல்லிவிடும். மூன்றாம் வகுப்புக்கு வரும்போது, 'இந்தக் குழியை எடுத்தா எங்க போய் முடியும்?' என்று கண்ணாலேயே ஓட்டிப் பார்க்கும். விரல் நுனியால் ஒரு காய், அடுத்த காய் என்று நழுவவிடும் அந்த வேலைதான் பென்சில் பிடிக்கும் தசைகளுக்கும் பயிற்சி. இதற்குப் பாட்டியைவிடச் சிறந்த கூட்டாளி கிடையாது. அவர் அவசரப்பட மாட்டார், போனும் பார்க்க மாட்டார், விட்டும் கொடுக்க மாட்டார்.

ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. தனியாக ஓர் ஆட்டால் ஒன்றும் செய்ய முடியாது, சேர்ந்துதான் புலியை அடைக்க வேண்டும். அது பிடிபட நாளாகும், அதனால் முதலில் புலியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். தாயம் ஆடத் தாயக்கட்டை இல்லாதவர்கள் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளலாம். தேய்க்கிற வேலையே ஒரு மத்தியானத்தை விழுங்கும்.

தோற்றால் காயைக் கலைத்துவிட்டு அழுகிற பிள்ளையை என்ன செய்வது? ஆறேழு வயதில் அழுகுணி ஆட்டம் ஆடாத பிள்ளை அபூர்வம். ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடும், பிறகு அந்த ஜெயிப்பில் ருசியே இருக்காது. வெளிப்படையாகச் சலுகை கொடுக்கலாம்: 'நீ சின்னப் பிள்ளை, எனக்குக் குழிக்கு 4, உனக்கு 5.' சட்டத்தை மாற்ற ஆசைப்பட்டால் தாராளமாக மாற்றட்டும், ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், இருவருக்கும் அதே சட்டம்தான். நடுவில் மாற்றினால் அது அழுகுணி என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

கீழ் வீட்டுக்காரர் இருக்கிறார்

உடம்பும் ஓட வேண்டும். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல். இரண்டாவது மாடியில் குதித்தால் முதல் மாடிக்காரர் மேலே வந்துவிடுவார் என்பது உண்மைதான். அவரிடமே போய், 'சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஆறரை வரைக்கும் பசங்க கொஞ்சம் சத்தம் போடுவாங்க' என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பாதிச் சண்டை வராது. தரையில் மெத்தையைப் போட்டுக் குட்டிக்கரணம், பலூனைக் கீழே விழாமல் கரண்டியால் தட்டுவது, கூடத்தில் செல்லோ டேப்பால் பாண்டி கட்டம், தலையணையைத் தாண்டித் தாண்டி 'கீழே எல்லாம் நெருப்பு' என்று போவது. வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் கயிறு தாண்டலாம், ஆனால் பெரியவர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும்.

வீட்டு வேலையையும் இதில் சேர்ப்பேன். பச்சைப் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவில் உருண்டை பிடிப்பது, துவைத்த காலுறைக்கு ஜோடி தேடுவது. அம்மாவுக்கு வேலை, பிள்ளைக்கு விளையாட்டு. கொஞ்சம் சிந்தும், சிந்தட்டும்.

போனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 5 முதல் 10 வயது வரை திரை நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. நடைமுறையில் ஒரு விஷயம் உதவும்: விளையாட்டு முதலில், போன் பிறகு. போனில் வேகவேகமாக மாறும் படங்களைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அட்டைப்பெட்டி உடனே பேசாது, அரை மணி நேரமாவது சிணுங்கும். அந்தச் சிணுங்கலைத்தான் 'போர் அடிக்குது' என்று நாம் கேட்கிறோம். அதைப் பொறுத்துக்கொண்டால் பிள்ளை தானாகவே எதையாவது எடுக்கும். உடனே ஓடிப்போய் யோசனை சொல்லாதீர்கள்.

நேரத்தை யார் எடுத்துக்கொண்டது?

இடமும் சாமானும் எளிதாகக் கிடைத்துவிடும். நேரம்தான் கிடைப்பதில்லை. பள்ளி விட்டு வந்ததும் டியூஷன், பிறகு ஹிந்தி, அபாகஸ், கீபோர்டு. நடுவில் இருபது நிமிடம் கொடுத்து 'போய் விளையாடு' என்கிறோம். யார் டீச்சர், யார் ஸ்டூடண்ட் என்று சண்டை போட்டு முடிக்கவே அவர்களுக்கு இருபது நிமிடம் ஆகும். ஆட்டம் சூடுபிடிக்கும்போது கூப்பிட்டுவிடுகிறோம். தினமும் இருபது நிமிடத்துக்குப் பதிலாக, வாரத்தில் மூன்று நாளாவது ஒன்றரை மணி நேரம் அறுபடாமல் கொடுங்கள். அதற்காக ஒரு வகுப்பை நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஏழு வயதில் விட்ட அபாகஸை எட்டு வயதில் பிடித்துக்கொள்ளலாம்.

விளையாட்டு பிள்ளைக்கு நாம் போடும் பிச்சை அல்ல. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-ல் வந்தது. அதன் 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2018-ல் ஒருபடி மேலே போய், சின்னக் குழந்தைகளின் பெற்றோருக்கு விளையாட்டையே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று தன் மருத்துவர்களுக்குச் சொன்னது.

ஒற்றைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு விடுமுறையில் ஓர் ஏற்பாடு நன்றாக நடக்கும். ஒரே குடியிருப்பில் மூன்று குடும்பம் பேசிவைத்துக்கொண்டு, இன்று உங்கள் வீடு, நாளை எங்கள் வீடு என்று பிள்ளைகளைச் சுற்றில் விடுவது. மூன்று பிள்ளை சேர்ந்தால் சண்டை வரும், ஆனால் 'போர்' வராது. அப்பாக்களும் தங்கள் முறையை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து களைத்து வந்தவர் இரண்டு மணி நேரம் விளையாட வேண்டியதில்லை. பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து, ஆட்டம் கிளம்பியதும் எழுந்துவிடலாம்.

எவ்வளவு இடமும் நேரமும் கொடுத்தும் பாவனை விளையாட்டில் ஈடுபாடே இல்லாமல், மற்ற பிள்ளைகளோடு சேரவே முடியாமல், ஒரே பொருளை ஒரே மாதிரி திருப்பித் திருப்பிச் செய்துகொண்டே இருக்கும் பிள்ளை என்றால், திட்டாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பிறப்பு முதல் 18 வயது வரை பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கிக்கொண்டால், பள்ளியில் என்ன நடக்கிறது என்று நிதானமாக விசாரிக்க வேண்டும்.

கலைக்கும் முன் கேளுங்கள்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிறுபறை, சிற்றில், சிறுதேர். பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல். ஆறுமே விளையாட்டு. சிற்றில் பருவத்தில், சிறுமியர் மணலில் கட்டிய குட்டி வீடுகளைச் சிதைக்காதே என்று பாட்டுடைத் தலைவனிடம் கெஞ்சுவார்கள். சாமியே ஆனாலும் கட்டிய வீட்டைக் கலைத்தால் மனம் நோகும் என்று நம் புலவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரவு எட்டு மணிக்கு நாம் துடைப்பத்தோடு வந்து செய்வது அதைத்தான். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடுகிறோம். மறுநாள் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டும், சலிப்பு வராமல் என்ன செய்யும்? கூடத்திலோ படுக்கை அறையிலோ பால்கனியிலோ நான்கடிக்கு நான்கடி ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஒற்றை அறை வீடு என்றால் ஒரு பாயின் அளவு போதும். அங்கே கட்டியது முடியாமல் இருந்தால் மூன்று நாள் வரை அப்படியே நிற்கும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மூலைக்கு வெளியே கிடப்பதை அன்றன்றே பிள்ளைதான் எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். ஒரே பெட்டி, மூடி இல்லாத பெட்டி என்றால் ஆறு வயதுக் கையாலும் ஐந்து நிமிடத்தில் முடியும். ஆட்டத்தை முடிக்கச் சொல்வதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே ஒரு குரல் கொடுத்துவிட வேண்டும், கடைக்காரிக்குக் கல்லாவை எண்ண நேரம் வேண்டும் அல்லவா? விருந்தாளி வருகிறார், இடம் வேண்டும் என்றால், 'இதைக் கலைக்கலாமா, இல்ல கட்டிலுக்குக் கீழ தள்ளி வைக்கலாமா?' என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். பெரும்பாலும் அவர்களே தள்ளி வைத்துவிடுவார்கள்.